பதினோராம் பக்கத்து டிரைவர்

1

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் எனக்கு முதலில் கோபம் வரும், அப்புறம்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிப்பேன். இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு வந்த ஒன்பது வருஷத்தில், முன்கூட்டிக் கோபப்பட்டது வீண் என்று ஒரு தடவைகூட ஆனதில்லை. போன மாதம் நஸ்ரினின் பையில் வந்த கடிதமும் அப்படித்தான்.

நஸ்ரின் என் மகள், ஏழு வயசு. கடிதத்தின் சாரம் இது. அடுத்த வாரம் புத்தக வாரம். வகுப்பில் ஓர் அரபு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிய படப் புத்தகம் வாசிக்கிறோம். நஸ்ரினின் தாத்தா அரேபியாவில் வாழ்ந்தவர், இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று அவள் சொன்னாள். அவர் வந்து பிள்ளைகளிடம் பேசினால் மகிழ்வோம். முடிந்தால் அவருடைய பாரம்பரிய உடையில் வரவும்.

பாரம்பரிய உடையாம்! என்னைப் பெற்ற எங்கள் அத்தாவின் பாரம்பரிய உடை கட்டம் போட்ட கைலியும் தோளில் ஒரு துண்டும். மன்னார்குடியில் பஸ் ஏறினால் கிழக்கே அரைமணி நேரத்தில் எங்கள் ஊர். அங்கே ஆறு மா நிலத்தில் குறுவையும் சம்பாவும் போடுகிற மனுஷன் அவர். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து காலையில் கண்விழித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மேட்டூர்ல எத்தனை அடி நிக்குது, பாரேன்" என்பதுதான். கைலியோடு அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தட்டுமா? அதையா கேட்கிறார்கள் இவர்கள்?

கடிதத்தோடு அந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். புரட்டினேன். பதினோராம் பக்கம் வந்ததும் பட்டென்று மூடி சமையலறை மேடைமேல் போட்டேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கும் அந்தப் புத்தகத்தைத்தான் திட்டினேன்.

2

எனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்கெனவே ஒரு வாய்க்கால் தகராறு உண்டு. நஸ்ரினைச் சேர்த்தபோது இனம் என்ற இடத்தில் 'இந்தியர்' என்று நானே என் கையால் டிக் அடித்தேன். அச்சடித்து அனுப்பிய பதிவில் 'அரபு' என்று இருந்தது. போன் போட்டேன். அலுவலகப் பெண் ரொம்ப மரியாதையாக, "ஆனால் மதம் இஸ்லாம் என்று எழுதியிருக்கிறீர்களே" என்றாள். "எழுதியிருக்கிறேன்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து இஸ்லாம்" என்றேன். அவள் திருத்தப் படிவம் அனுப்பினாள். நிரப்பி அனுப்பினேன். அது போதாது, பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். பிறந்ததே இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான், அந்தச் சான்றில் இனமே கிடையாது. மூன்று கடிதம், நாலு போன். அடுத்த வருஷப் பதிவில் என் மகள் அரபு இல்லை. 'பிற' ஆகியிருந்தாள்.

முஸ்லிம் என்றால் அரபுதான் என்று எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் பள்ளி நூலகத்துக்கே போனேன். முஸ்லிம் குடும்பங்களுக்கென்று ஒரு தட்டையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து அத்தனையும் படித்தேன். மணல், ஒட்டகம், பித்தளை விளக்கு, பிறை, தட்டு நிறையப் பேரீச்சம்பழம். சாய்ந்து உட்கார்ந்த தாத்தா, ஜன்னலில் ஒரு பூனை. மழை பெய்கிற முஸ்லிம் வீடு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் அண்டாவில் கஞ்சி கொதிப்பதை, தூக்குவாளியோடு எல்லாத் தெருப் பிள்ளைகளும் முண்டியடிப்பதை, நாற்றங்காலில் முழங்கால் சேற்றோடு நின்றுவிட்டு லுஹர் தொழுகைக்குக் கால் கழுவ ஓடுகிறவர்களை ஒருத்தரும் வரையவில்லை.

ஊரில் இருந்து படிக்கிற நீங்கள் சிரிக்க வேண்டாம். நீங்கள் மட்டும் என்ன யோக்கியம்? போன தடவை வந்தபோது தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கடையில் நஸ்ரினுக்காகத் தமிழ்ப் படப் புத்தகங்கள் அள்ளிக்கொண்டு வந்தேன். அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு முஸ்லிம். தொப்பி, தாடி, கையில் அத்தர் பாட்டில். பெயர் பாய். வெறும் பாய். அந்த ஆளைப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருக்க மாட்டார்களா? பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவனுக்கு நீங்கள் பெயர் வைக்கவில்லை, கடல் தாண்டி இருக்கிற இவர்களை நான் எந்த வாயால் திட்டுவது? ஆனாலும் திட்டுவேன்.

சரி, பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி எழுதி, வேறொருத்தர் வரைந்த புத்தகம் அது. பெரிய அரபு வீடு. தாத்தா, உம்மா, வாப்பா, நாலு பிள்ளைகள். எல்லோரும் எல்லோரையும் கொஞ்சிக்கொண்டே இருக்கிறார்கள். பதினோராம் பக்கத்தில் கடைசிப் பையன் பள்ளிக்கூட வாசலில் காரிலிருந்து இறங்குகிறான். ஓர் ஆள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், மறு கையில் பையனின் புத்தகப் பை. கறுத்த கை, நீலச் சட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.

உருவம் வரைவது கூடாது என்று யாருக்குமே முகம் போடாத புத்தகங்கள் நம்மிடம் உண்டு, எனக்குத் தெரியும். எல்லோருக்கும் முகம் இல்லை என்றால் அது மார்க்கம். இந்தப் புத்தகத்தில் பூனைக்கு மீசை மயிர் முதற்கொண்டு எண்ணிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓர் ஆளுக்கு மட்டும் முகம் இல்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

எங்கள் அத்தா பதினாறு வருஷம் அரபு நாட்டில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர்.

3

எனக்கு மூன்று வயசில் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வருவார். வந்த முதல் வாரம் அவரை எனக்கு அடையாளம் தெரியாது, பழகி மடியில் ஏறுகிற நேரத்தில் பெட்டி கட்டுவார். விசாவை முடித்துக்கொண்டு, எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் 'கேன்சலில்', அவர் ஒரேயடியாகத் திரும்பியபோது எனக்குப் பத்தொன்பது வயசு. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த வீட்டுப் பையன் ஒருத்தனைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதுதான் அத்தாவின் வேலை. பையன் பெயர் ஃபஹத். அவனும் அத்தாவும் நிற்கிற ஒரு போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே தொங்கியது. அவன் வெள்ளைச் சட்டையில், தலை வாரி, கொழுகொழுவென்று. அத்தாவின் கையில் அவன் புத்தகப் பை. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டுவார். "சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்குறாராம்" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே அந்தப் பழமொழி வரும். "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்டி."

தானாகத்தான் வளர்ந்தேன். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை வழுக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நானாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கட்டாயம் ஊரான் பிள்ளையாகத்தான் இருந்திருப்பான்.

ஒன்பது வயசில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வீட்டில் யாரும் இல்லாதபோது, நாற்காலி போட்டு ஏறி அந்தப் போட்டோவை இறக்கினேன். பின்பக்கத் தகட்டை நெம்பி எடுத்து, ஜாமெட்ரி பெட்டியில் இருந்த காம்பஸ் முள்ளால் ஃபஹத்தின் முகத்தைச் சுரண்டினேன். கண், மூக்கு, வாய் எல்லாம் போய் வெள்ளைத் தாள் தெரிகிறவரைக்கும் சுரண்டினேன். திரும்ப மாட்டிவிட்டேன். அம்மா அடி பின்னி எடுத்தார். ஆனாலும் போட்டோவை இறக்கவில்லை, அத்தாவின் முகம் அதில் இருந்ததே. அடுத்த விடுமுறையில் வந்த அத்தா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குத்தான் ஏழெட்டு மாதமாகக் காத்திருந்தேன்.

அம்மா மவுத்தாகி நாலு வருஷம் ஆகிறது. தனியாக இருக்கிறாரே என்று அத்தாவை இந்தக் கோடைக்கு இங்கே வரவழைத்தேன். அவருக்கும் நஸ்ரினுக்கும் இடையில் நான்தான் பாலம். நஸ்ரினுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் இறங்காது. அத்தாவின் இங்கிலீஷ் வளைகுடா இங்கிலீஷ், "மை ஃபிரெண்ட், நோ பிராப்ளம்" என்பதற்கு மேல் ஓடாது. நன்னா என்று மட்டும் அவள் சுத்தமாகக் கூப்பிடுவாள், எங்கள் பக்கம் தாத்தாவுக்கு அதுதான் பெயர். மற்றதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும், வரும்.

4

கடிதம் வந்த அன்று சாயங்காலம் அத்தா மேடைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "வாசப்படி இப்புடித்தான் இருக்கும். இந்த மெத்தை, இந்த ஃபிளாஸ்க்கு, எல்லாம் சரியா போட்டுருக்கான்" என்று பாராட்டு வேறு. நான் பதினோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இந்தாளுக்கு மூஞ்சி எங்க அத்தா?"

"அவரப் பத்தி கதை இல்லியேம்மா."

"அதுக்கு?"

"அதுக்கு ஒன்னுமில்ல. பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்னு எழுதிப் போடு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்தேன்.

நஸ்ரின் அதற்குள் அவரிடம் ஓடி, கையை வைத்துக் கழுத்திலிருந்து கால்வரை இழுத்துக் காட்டினாள். நீளமான வெள்ளை உடை. அத்தாவுக்குப் புரிந்துவிட்டது. கேன்சலில் வரும்போது அந்த வீட்டார் கொடுத்த அரபி ஜுப்பா ஒன்று அவரிடம் இருக்கிறது. இரண்டு பெருநாளுக்கு மட்டும் போடுவார், அத்தரோடு மடித்து வைப்பார். எங்கள் ஊரில் வெளிநாடு போய் வந்த எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும். பெருநாள் தொழுகை முடிந்து தெருவில் வரும்போது அரேபியாவே நடந்து வருகிற மாதிரிதான் இருக்கும், வீடு வந்ததும் கைலிக்கு மாறிவிடுவார்கள்.

"ஜுப்பா இருக்கு, ஜுப்பா இருக்கு, பெட்டியிலயே கொண்டாந்துருக்கேன்" என்றார் அத்தா, பேத்தியின் கன்னத்தைத் தட்டி.

புத்தக வாரத்துப் புதன்கிழமை காலையில் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட ஜுப்பா, அத்தர் வாசனை. நஸ்ரின் கைதட்டிக் குதித்தாள். நான் பேசியதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

"வேலைக்காரரா இருந்தது அங்க. மொதலாளி வேஷம் இங்கயா?"

அத்தா படியிலேயே நின்றார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "மைமூன்!" என்று ஒரு அதட்டல் போட்டார். அத்தா திரும்பி மேலே போனார். பத்து நிமிஷத்தில் இறங்கி வந்தபோது பேண்டும் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். பாக்கெட்டில் ஒரு பால்பாயிண்ட் பேனா. டிரைவராக இருந்தபோது பெட்ரோல் சீட்டில் கையெழுத்துப் போடச் செருகிய பேனா, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நஸ்ரின் என்னை முறைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். நான் பேசியது தப்பு என்று பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவரை வேஷம் கட்டி நிறுத்த விடமாட்டேன் என்பதில் மட்டும் இம்மியும் நான் இறங்கவில்லை.

5

வரவேற்பறையில் ஒரு திரை. நீங்கள் பெற்றோரா, ஒப்பந்த ஊழியரா, டெலிவரியா, பிறரா? அத்தா 'பிறர்'. தாத்தாவும் பேத்தியும் ஒரே ஜாதியாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடையாள அட்டை கேட்டார்கள். நான் பாஸ்போர்ட்டை எடுப்பதற்குள் அத்தா பர்ஸிலிருந்து காலாவதியான அரபு நாட்டு டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினார். "குட் மார்னிங் மேடம்" என்று ஒரு சலாம் வேறு. அந்தப் பெண் அரபி எழுத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகு!" என்றாள். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

முப்பது பிள்ளைகள் தரையில் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் என்னை மொழிபெயர்க்க நிறுத்தினாள். முதல் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, வெள்ளை அங்கியில் இருந்த தாத்தாமேல் விரல் வைத்தாள். "நஸ்ரினின் தாத்தா இப்படி ஒரு வீட்டில்தான் வாழ்ந்தாராம், இல்லையா?"

நான் தமிழில் சொன்னேன். அத்தா தலையாட்டினார். வாழ்ந்தாரே, பொய் இல்லையே. வாசல் கேட்டுக்குப் பக்கத்து அறையில்.

இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "உங்கள் குதிரைக்கு என்ன பெயர்? நஸ்ரின் சொன்னாள், உங்களிடம் வெள்ளைக் குதிரை இருந்ததாமே!"

நஸ்ரினைப் பார்த்தேன். தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். காலையில் அவள் ஏன் அந்த ஜுப்பாவுக்காக அப்படி அழுதாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அட என் மக்குப் பெண்ணே, உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். உண்மையை அவளிடம் நான் எப்போது சொன்னேன்?

"உங்க குதிரை பேரு என்னன்னு கேக்குறாங்க அத்தா" என்றேன்.

"எந்தக் குதிரை?" என்றவர் பேத்தியைப் பார்த்தார். ஒரு நொடியில் கணக்கு விளங்கிவிட்டது அவருக்கு. "குதிரை இல்லன்னு சொல்லிடாத, புள்ள மொகம் வாடிரும். வண்டி இருந்துச்சுன்னு சொல்லு. எட்டு சிலிண்டரு. எத்தனை குதிரைக்குச் சமம்!"

சொன்னேன். பையன்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நஸ்ரினின் தலை மெல்ல வெளியே வந்தது.

இதோடு முடிந்தது, கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அத்தா டீச்சரிடம் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். பக்கங்களைத் தள்ளினார். பதினோராம் பக்கத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, கார்க் கதவைப் பிடித்திருந்த ஆள்மேல் விரலை வைத்தார். "மீ," என்றார். "டிரைவர். மீ."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரட்டைச் சடை கேட்டாள், "அவருக்கு ஏன் முகம் இல்லை?"

டீச்சர் சிவந்துபோய், "குடும்பத்தின் மேல் நம் கவனம் இருக்க வேண்டும் என்று ஓவியர் நினைத்திருக்கலாம்" என்றாள். அதை நான் அத்தாவுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தமிழ் வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது.

ஆனால் முகத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை அவருக்குத் தெரியும். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். ஓதுகிற பள்ளியில் ஹஜ்ரத் கண்டித்ததிலிருந்து வாழ்நாளில் ஓர் உருவம் வரைந்தவர் இல்லை. "அல்லா மன்னிப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டு, நூலகப் புத்தகத்தில், டீச்சரின் மூச்சு நின்றுபோக, அந்தப் பழுப்பு வட்டத்துக்குள் இரண்டு கண் போட்டார். ஒரு மூக்கு. ஒரு வாய். வாய்க்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு.

"மீசை இன்னும் பெருசு!" என்று இங்கிலீஷில் கத்தினாள் நஸ்ரின். எழுந்து ஓடிவந்து அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, மீசையைத் தடிக்கத் தடிக்கத் தீட்டினாள்.

6

அப்போதாவது கிளம்பியிருக்கலாம். பிள்ளைகள் விடவில்லை. காரிலிருந்து இறங்குகிற பையன் யார் என்று கேட்டார்கள்.

"ஃபஹத்" என்றார் அத்தா. அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. எனக்கு வயிறு எரிந்தது. முப்பத்தாறு வயசில், ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும், எரிந்தது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். "மொத நாளு பள்ளிக்கூட வாசல்ல எறங்க மாட்டேன்னுட்டான். சீட்டக் கெட்டியா புடிச்சுக்கிட்டு அழுவுறான். அவங்க வாப்பா வர மாட்டாரு, பெரிய மனுசன். நான் இஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் பின்னாடி போயி அவன் பக்கத்துல உக்காந்தேன். எனக்கு அப்ப அரபி சரியா வராது, தமிழ்லதான் பேசினேன். தம்பி, எனக்கும் ஊர்ல ஒரு புள்ள இருக்கு, அதுவும் இந்த வருசந்தான் பள்ளிக்கூடம் சேந்துருக்கு, அது அழுதுச்சா சிரிச்சுச்சான்னுகூட எனக்குத் தெரியல, நீயாவது அழுவாம போன்னேன். என்ன புரிஞ்சுதோ, என் வெரலப் புடிச்சுக்கிட்டு எறங்கிட்டான்."

நான் நிறுத்திவிட்டேன். டீச்சர், "ம்?" என்றாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஊரில் அவருக்கு ஒரு மகள் இருந்தாளாம்" என்று தொடங்கி, மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது மாதிரிதான் சொன்னேன்.

"அது நீதான் மம்மி" என்றாள் நஸ்ரின், எல்லோர் முன்னாலும். அப்புறம் கேட்டாள், "உன்னையும் நன்னா இப்படித்தான் ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரா?" இங்கிலீஷில்தான் கேட்டாள்.

அத்தா என் பக்கம் திரும்பினார். "என்ன கேக்குது புள்ள?"

முப்பது வருஷமாக அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. போனில் கேட்கவில்லை, கடிதத்தில் எழுதவில்லை, என் கல்யாணத்தன்று கேட்கவில்லை, அம்மா மய்யித்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் கேட்கவில்லை. இப்போது அந்நிய நாட்டில், முப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன்னால், என் மகளுக்காக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"என்னையும் இப்புடிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களான்னு கேக்குறா."

அத்தா புத்தகத்தைப் பார்த்தார். மீசையின் மை இன்னும் காயவில்லை.

"இல்ல" என்றார். "ஒரு நாள்கூட இல்ல."

"நோ," என்றேன் பிள்ளைகளிடம்.

7

மறுநாள் கடிதம் வந்துவிட்டது. வழக்கம்போல முதலில் கோபப்பட்டேன். முதல் பத்தியில் நன்றி, மறக்க முடியாத காலைப்பொழுது, பிள்ளைகள் இன்னும் அந்த எட்டு சிலிண்டர் காரைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டாம் பத்தியில், ஆனாலும் விதி விதிதான் என்று, சேதமடைந்த நூலகப் பொருளுக்கான படிவம். சேதப்படுத்தியவர் பெயர். உறவு. சேதத்தின் தன்மை. சேதத்துக்கான காரணம்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். பெயர் எழுதும் இடத்தில் அத்தாவின் முழுப் பெயரையும், மீசைக்காக நஸ்ரின் பெயரையும் எழுதினேன். அத்தா எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஜுப்பா விஷயத்துக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வரும், அங்கேயே நிற்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு.

"எதுக்காகக் கிறுக்குனீங்கன்னு காரணம் எழுதணுமாம் அத்தா. என்ன எழுத?"

அத்தா டீயை வைத்தார். "இதுக்கெல்லாமா காரணம் கேப்பாங்க? அந்தப் போட்டோவுல ஃபஹத் மூஞ்சிய நீ சொரண்டினியே, நான் காரணம் கேட்டனா?"

பேனாவை மேஜையில் வைத்தேன். இத்தனை வருஷமாக அவருக்கு அது தெரியாது என்று நான் நினைத்ததில்லை. ஆனால் தெரியும் என்று அவர் சொல்லிக் கேட்டதும் இல்லை.

"ஏன் கேக்கல? அப்பவே கேட்டுருக்கலாம்ல? ரெண்டு அடி போட்டாவது கேட்டுருக்கலாம்ல?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. "கேப்பீங்க கேப்பீங்கன்னு நான் எத்தனை நாளு காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அத்தா. "கேட்டா நீ சொல்லிருவே. அதக் காதுல வாங்கிக்கிட்டு நான் மறுபடி எப்புடிம்மா பிளைட் ஏறுறது?"

படிவத்தைத் திருப்பி அனுப்ப வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதுவும் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்கள். காரணம் என்ற கட்டத்தில் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.